கம்பெனியை விலைக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களை வாங்கக் கையில் பணத்தோடு தேடுகிறவர்களுக்கும், அவர்கள் சார்பில் போன் செய்யும் இடைத்தரகர்களுக்கும் வணக்கம்.

இருபத்திரண்டு வருடமாக ஒரு சிறிய உற்பத்தி நிறுவனம் நடத்தி வருகிறேன். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். கொஞ்ச காலமாக மாதத்துக்கு இரண்டு பேராவது "விற்கிற எண்ணம் உண்டா?" என்று கேட்கிறீர்கள். கேட்பதில் எனக்கு வருத்தமில்லை, வியாபாரத்தில் அது சகஜம். கேட்கிற விதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருடம் உங்களில் ஒருவர் அலுவலக எண்ணுக்குக் கூப்பிட்டார். நான் வெளியே போயிருந்தேன். போனை எடுத்த பெண்ணிடம், "கம்பெனி விற்பனை விஷயமா பேசணும், ஓனரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்க" என்று எண்ணைக் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் அதை அப்படியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் மேஜையில் வைத்துவிட்டார். நான் வந்து பார்ப்பதற்குள் அதை எத்தனை பேர் படித்தார்களோ தெரியாது. சாயங்காலம், பதினைந்து வருடமாக என்னோடு இருக்கும் மேற்பார்வையாளர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "அண்ணே, வீட்டுக் கடன் போடலாம்னு இருந்தேன். போடலாமா, கொஞ்சம் பொறுக்கட்டுமா?" என்றார். எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் சீட்டைப் பார்த்தேன்.

அடுத்த வாரம், வழக்கமாக அறுபது நாள் கடனுக்கு மூலப்பொருள் தருகிறவர் "இந்தத் தடவை கொஞ்சம் முன்பணம் கிடைக்குமா?" என்று இழுத்தார். நான் விற்கவும் இல்லை, விற்கப் போவதாகச் சொல்லவும் இல்லை. ஒரு போன், அவ்வளவுதான். விற்பனைப் பேச்சு வெளியே கசிந்தால் ஊழியர் வேறு வேலை தேடுவார், சரக்கு கொடுப்பவர் கையை இறுக்குவார், போட்டியாளர் என் வாடிக்கையாளரிடம் போய் "அவங்களே கடையைக் கட்டறாங்களாம்" என்பார். நீங்கள் வாங்க நினைக்கும் சொத்துதான் அப்படிக் கரைகிறது.

அதனால் முதல் தொடர்பு ஒரு கடிதமாக இருக்கட்டும். என் பெயருக்கு, உறை மேல் 'தனிப்பட்டது' என்று எழுதி அனுப்புங்கள். தயவுசெய்து அச்சடித்த வாசகம் வேண்டாம். "உங்கள் நிறுவனத்தின் வளர்ச்சியை நீண்ட நாளாகக் கவனித்து வருகிறோம்" என்று ஒரு கடிதம் வந்தது. இரண்டாம் பத்தியில் வேறொரு கம்பெனியின் பெயர் இருந்தது. அந்த வளர்ச்சிக்கும் என் வாழ்த்துகள்.

கடிதத்தில் முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள். என் தொழிலிலேயே இருக்கும் போட்டியாளரா? பல பேரின் பணத்தைத் திரட்டிக் கம்பெனிகளை வாங்கும் முதலீட்டு நிதியா? அந்த நிதிகளுக்குப் பெரும்பாலும் பத்து வருடம் போல ஒரு ஆயுள் உண்டு. வாங்கிய கம்பெனியைச் சில வருடத்தில் திரும்ப விற்றாக வேண்டும். இன்னொரு வகையும் உண்டு. 1984-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'சர்ச் ஃபண்ட்' (search fund, தேடல் நிதி) வழியில், முதலீட்டாளர்களைப் பின்னால் வைத்துக்கொண்டு, தானே உட்கார்ந்து நடத்த ஒரே ஒரு கம்பெனியைத் தேடும் இளைஞர்கள். அவர்களில் பலரிடம் தேடுகிற செலவுக்குத்தான் பணம் இருக்கும், வாங்குகிற பணத்தை அப்புறம்தான் திரட்டுவார்கள். அது குற்றமில்லை. மறைப்பதுதான் தப்பு.

இடைத்தரகர்களுக்குத் தனியாக ஒன்று. "ஆள் ரெடியா இருக்கார், நீங்க சரின்னா போதும்" என்பீர்கள். யார் என்று கேட்டால் ரகசியம். கடைசியில் அந்த ஆளே இருக்க மாட்டார், என்னிடம் கையெழுத்து வாங்க ஒரு ஒப்பந்தம்தான் தயாராக இருக்கும்: இத்தனை மாதத்துக்கு உங்கள் மூலம் மட்டும்தான் விற்க வேண்டும், முன்கட்டணம் தனி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்றால் உங்களுக்குக் கமிஷன். கேட்பது உங்கள் தொழில், சரி. இல்லாத ஆளைக் காட்டிக் கேட்காதீர்கள்.

அப்புறம் விலை. முதல் பேச்சிலேயே 'எபிட்டா' என்பீர்கள். வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன்னால் உள்ள லாபம், அதில் இத்தனை மடங்கு. கேட்கப் பெரிய தொகைதான். அதில் கடனைக் கழித்து, நடைமுறை மூலதனம் (அன்றாட வியாபாரத்தை ஓட்டும் பணமும் சரக்கும்) குறைந்தால் கழித்து, ஒரு பகுதியை மூன்றாம் ஆள் கையில் நிறுத்திவைத்து, இன்னொரு பகுதியை 'இலக்கை எட்டினால் தருகிறோம்' என்று தள்ளிவைத்த பிறகு கைக்கு வருவது வேறு தொகை. அந்த இரண்டாவது தொகையையும் முதலிலேயே சொல்லுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர், விற்பனைக்கு முன்னால் போடும் விருப்பக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். வேறு யாரிடமும் பேசுவதில்லை என்பது அதில் ஒரு நிபந்தனை. நான்கு மாதம் கணக்கைப் புரட்டினார்கள். எல்லாம் முடிந்து வக்கீல் செலவும் ஏறிய பிறகு, பெரிய குறை எதுவும் காட்டாமல் விலையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அலுத்துப்போய் அவரும் ஒத்துக்கொண்டார். மற்ற ஓனர்கள் பேசிக்கொள்வது இந்தக் கதையைத்தான், நீங்கள் கொடுத்த விலையை இல்லை.

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 1983-ல் ரோஸ் பிளம்கின் என்ற 89 வயது அம்மாவிடமிருந்து நெப்ராஸ்கா ஃபர்னிச்சர் மார்ட் என்ற கடையை வாங்கினார். சரக்கை எண்ணவில்லை, தணிக்கை கேட்கவில்லை. அந்த அம்மாவை அவருக்கு அவ்வளவு தெரியும். ஆனால் போட்டிக் கடை வைக்கக் கூடாது என்று எழுதி வாங்காமல் விட்டுவிட்டார். 1989-ல் பேரன்களோடு மனஸ்தாபமாகி வெளியேறிய அந்த அம்மா, பக்கத்திலேயே தனிக் கடை போட்டார். 1992-ல் அதையும் பஃபெட் வாங்க வேண்டியதாயிற்று. இந்த முறை எழுதி வாங்கிக்கொண்டார். எனக்கு அதில் பிடித்தது வேறு: 95 வயதிலும் அந்த அம்மாவால் கடையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார முடியவில்லை. நாங்கள் எல்லாருமே கொஞ்சம் அப்படித்தான். "விற்ற பிறகு உங்களுக்கு என்ன வேலை இருக்க வேண்டும்?" என்று உங்களில் யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை.

என்றைக்கும் விற்கமாட்டேன் என்று சொல்லவில்லை. என் பிள்ளைகள் இருவருக்கும் இந்தத் தொழிலில் நாட்டமில்லை, எனக்கும் வயதாகிறது. கடிதம் எழுதும்போது, இதற்கு முன் உங்களுக்கு விற்ற இரண்டு பேரின் தொடர்பையும் அவர்கள் சம்மதத்தோடு சேர்த்து அனுப்புங்கள். உங்களோடு பேசுவதற்கு முன் அவர்களோடு பேசிக்கொள்கிறேன். வாடிக்கையாளர் பட்டியலை இப்போதே கேட்காதீர்கள், ரகசிய ஒப்பந்தம் போட்டாலும் அது கடைசியில்தான். பதில் வர ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அதுவரை அலுவலக எண்ணுக்கு மட்டும் கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு சிறு நிறுவனத்தின் ஓனர்