ஜிங்க் எங்கே போகிறது?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்ற வரியை வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினேன். இங்கே எல்லாரும் நலம். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. துவாக்குடி வெயிலில், துத்தநாகத்தை (ஜிங்க்) உருக்கும் கெட்டில் பக்கம் நிற்பது வரவரக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இரும்புக்கு ஜிங்க் முலாம் பூசும் (கால்வனைசிங்) வேலையில் டன்னுக்கு ஜிங்க் செலவு ஏறிக்கொண்டே போகிறது, முதலாளி பாத்தை, அதாவது கெட்டிலில் உருகிக் கிடக்கும் ஜிங்கை, 435 டிகிரிக்கு இறக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். இறக்காதே. துத்தநாகம் உருகுவதே 419.5 டிகிரியில். 435-ல் அது மந்தமாக ஓடும். முக்கிய இரும்புச் சாமானை, நம் ஜாப்பை, தூக்கும்போது சரியாக வடியாமல் ஓரமெல்லாம் முள் முள்ளாகத் தொங்கும். மிச்சம் பிடிக்க நினைத்த ஜிங்க் ஜாப்போடு வெளியே போய்விடும். 5 மி.மீ.க்கு மேல் தடிமனுள்ள இரும்புக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4759 கேட்பது சதுர மீட்டருக்கு 610 கிராம் ஜிங்க், அதாவது சுமார் 86 மைக்ரான் கனம். உன் ஜாப்பில் எவ்வளவு ஏறுகிறது என்று முதலில் அளந்து பார். பாத் 450-ஐ ஒட்டியே இருக்கட்டும். 480-ஐ நெருங்கவும் விடாதே, ஜிங்க் கெட்டில் சுவரையே தின்ன ஆரம்பித்துவிடும்.

போன வருஷம் இங்கேயும் இதே கதைதான். கெட்டில் அடியில் படியும் ஜிங்க்-இரும்புக் கசடு, அதுதான் டிராஸ், ஏறக்குறைய இரண்டு மடங்கானது. எல்லாரும் பர்னரைக் குறை சொன்னார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். சூடு அளக்கும், கையில் பிடிக்கும் தெர்மோகப்பிளை நாலு இடத்தில் விட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: பர்னரை ஏற்றி அணைக்கும் கன்ட்ரோலருக்குப் போகும் தெர்மோகப்பிள் ஒரு மூலையில், மேலே கட்டி படிந்த உறைக்குள் இருந்தது. பாத் சூடானது அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். அதற்குள் நடுவில் 470 வந்துவிடும், பிறகு பர்னர் அணைந்து 440 வரை இறங்கும். சூடு ஏறும்போது அதிக இரும்பு கரைகிறது, இறங்கும்போது அந்த இரும்பு ஜிங்கைப் பிடித்துக்கொண்டு டிராஸாக அடியில் உட்கார்கிறது. ஒரு நாளில் இது எத்தனை தடவை நடக்கும், நினைத்துப் பார்.

அதைச் சரிசெய்த பிறகும் பாதிதான் குறைந்தது, மாப்ளே. மீதிக் காரணம் பிளக்ஸ் தொட்டியில், அதாவது பாத்துக்கு முன் ஜாப்பை முக்கும் உப்புக் கரைசலில், இருந்தது. தண்ணீர்ப் பஞ்சத்தில், ஆசிட்டில் துரு நீக்கிய ஜாப்பை அலசும் ரின்ஸ் தொட்டியின் தண்ணீரை மாற்றாமலே ஓட்டியிருந்தார்கள். ஆசிட்டில் கரைந்த இரும்பு உப்பெல்லாம் ஜாப்போடு பிளக்ஸுக்கு வந்து, அங்கிருந்து பாத்துக்குள் போயிருக்கிறது. ஒரு கிலோ இரும்பு உள்ளே போனால் சுமார் 25 கிலோ ஜிங்க் டிராஸாகப் போய்விடும். அன்றைக்கு அந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. நம் பையன்கள் வேர்வை சிந்தி உருக்கிய ஜிங்க் அது. அப்புறம் ரின்ஸ் தண்ணீர் மாற்றுவதற்கு நாள் குறித்தோம். பிளக்ஸில் இரும்பு லிட்டருக்கு 5 கிராம் தாண்டாமல் வாரம் ஒருமுறை பார்க்கிறோம்.

பாத்தின் மேல் மிதக்கும் ஆஷ் (சாம்பல்) பற்றியும் கேட்டிருந்தாய். ஜாப் இறக்குவதற்கு முன்னும் தூக்குவதற்கு முன்னும் மட்டும் அதை ஓரமாகத் தள்ளிவிடு. சும்மா சும்மா கிளறினால் புதுப் பரப்பு காற்றுபட்டு இன்னும் ஆஷாகும். ராத்திரி வேலை இல்லையென்றால் கெட்டிலுக்கு மூடி போடு. திறந்த பரப்பில்தான் சூடு மிக அதிகமாகப் போகிறது.

டிராஸ் எடுப்பதற்கு முன் பாத் நன்றாக அடங்கட்டும். டிராஸை அள்ளும் கிராபை மெதுவாகத் தூக்கி, பாத்துக்கு மேலேயே பிடித்து வடிய விடு. எடுத்த கையோடு ஜாப் இறக்கினால் கலங்கிய டிராஸ் அதில் பரு பருவாக ஒட்டிக்கொள்ளும்.

முதலாளியிடம் 435 பேச்சு எடுக்கும் முன், உன் பிளக்ஸ் தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பு. என்ன எண் வந்தது என்று எழுது. ஆடியில் ஊருக்கு வரும்போது பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா.

உன் பழைய கூட்டாளி