குரோம் மூலையில் சிவப்புக் குறி

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது உன் லேப்டாப்பில் கரண்ட் பில் கட்டினேன் இல்லையா? குரோம் பிரவுசரின் வலது மேல் மூலையில் அப்டேட் குறி சிவப்பாக இருந்தது. புதுப் பதிப்பு வந்து இரண்டு நாளுக்குள் என்றால் அது பச்சை, நாலு நாள் போல ஆனால் ஆரஞ்சு. சிவப்பு என்றால் ஒரு வாரமாவது தள்ளிப் போட்டிருக்கிறாய். "டேப் எல்லாம் போயிடும்பா" என்றாய். மறுபடி திறந்ததும் அவை வந்துவிடும். அப்டேட் வெளியானதுமே எந்த ஓட்டையை அடைத்தார்கள் என்பது திருடனுக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அப்டேட் போடாதவர்களாகப் பார்த்துத் தேடுவான்.

அதைவிட என்னை உறுத்தியது எக்ஸ்டென்ஷன் வரிசை, அதாவது பிரவுசரோடு நீ ஒட்டி வைத்திருக்கும் குட்டிப் புரோகிராம்கள். கூப்பன் தேட ஒன்று, பிடிஎஃப் மாற்ற ஒன்று, ஸ்கிரீன்ஷாட்டுக்கு இரண்டு. கூப்பன்காரனின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். எல்லா இணையதளங்களிலும் உன் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி வாங்கி வைத்திருக்கிறான். உன் பேங்க் பக்கத்தில் அவனுக்கு என்ன வேலை?

ஸ்டோரில் இருந்துதானே போட்டேன் என்பாய். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷனும் அங்கே இருந்ததுதான், லட்சக்கணக்கானோர் நம்பிப் பயன்படுத்தியதுதான். 2020-ல் அதை நடத்தி வந்தவர் வேறு யாருக்கோ விற்றார். 2021 பிப்ரவரியில் மால்வேர், அதாவது கேடு செய்யும் புரோகிராம், இருப்பதாகச் சொல்லி கூகுளே அதை நீக்கியது. பயன்படுத்தியவர்கள் புதிதாக எதையும் போடவில்லை. பழைய எக்ஸ்டென்ஷனே கை மாறிவிட்டது.

பாஸ்வேர்டு நீளம், ஓடிபி வேறு வருகிறது என்று நீ தைரியமாக இருக்கிறாய். ஆனால் ஒருமுறை லாகின் ஆனதும் அந்தத் தளம் உன் பிரவுசரில் ஒரு குக்கியை வைக்கிறது. கோவில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் மாதிரிதான் அது, யார் நீட்டினாலும் செருப்பு அவர் கைக்குப் போய்விடும். பாஸ்வேர்டையோ ஓடிபியையோ யாரும் கேட்பதில்லை. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் இப்படித்தான் பறிபோனது. விளம்பர வாய்ப்பு என்று வந்த மெயிலில் பிடிஎஃப் மாதிரி இருந்த ஒரு ஃபைலை ஊழியர் ஒருவர் திறந்தார், அது அவர் பிரவுசரில் இருந்த குக்கியைத் திருடிக்கொண்டது. ஒன்றரைக் கோடிப் பேர் பார்க்கும் சேனலில் கிரிப்டோ மோசடி வீடியோ ஓடியது. கம்ப்யூட்டர் பற்றியே பேசிப் பிழைப்பவர்கள் அவர்கள்!

பேங்க் கவுண்டரில் கையெழுத்து பார்த்தே பழகியவன் நான். என்னிடம் போய், முன்பு ஒருமுறை, "பூட்டுப் படம் இருக்கே, நல்ல சைட்தான்" என்றாய். அந்தப் பூட்டுக்கு அர்த்தம், வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பது மட்டுமே. எதிர்முனையில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. அந்தப் பூட்டுக்கு வேண்டிய சான்றிதழ் போலி சைட்காரனுக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் 2023-ல் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. நீ பார்க்க வேண்டியது முகவரியில் 'https://' என்பதற்கு அப்புறம் வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) சற்று முன்னால் இருப்பதை. நம் ஊர் பேங்குகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அப்படி முடியும் முகவரி பேங்குகளுக்கு மட்டுமே கிடைக்கும். ஆனால் 'பேங்க் டாட் இன்' நடுவில் வந்து, அதற்குப் பின்னால் இன்னொரு பெயரும் 'டாட் காம்' என்றும் நீண்டால் அது வேறு ஆள். கண் ஏமாந்தாலும், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் ஏமாறாது, முகவரி மாறினால் தானாக நிரப்பாது. நிரப்பவில்லை என்றால் கையால் அடிக்காதே, அங்கேயே நிறுத்து.

'நான் ரோபோ அல்ல' என்று காட்ட விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, பேஸ்ட் செய், என்டர் தட்டு என்று ஒரு பக்கம் கேட்டால் உடனே மூடிவிடு. உன் கையாலேயே வைரஸ் போட வைக்கும் வித்தை அது.

இவ்வளவையும் மீறிப் பணம் போனால் அழுதுகொண்டு முதலில் எனக்குப் போன் செய்யாதே. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐக் கூப்பிடு, அப்புறம் பேங்க், அப்புறம்தான் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எந்த எக்ஸ்டென்ஷனை எல்லாம் எடுத்தாய் என்று சொல். அந்தக் கூப்பன்காரன் முதலில் போகட்டும்.

அன்புடன்,
அப்பா