வேலி போட்டால் மட்டும் பன்றி நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறை போகும் வழியெங்கும் ரப்பர் விளைகள் (தோட்டங்கள்) வீட்டுமனைகளாகி வருகின்றன. ஊர் வளரட்டும், அதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் பக்கத்தில் கிடப்பது 402 சதுர கிலோமீட்டர் வனவிலங்கு சரணாலயம். காட்டுப்பன்றி வருகிறது என்று சொன்னால் உடனே 'சூரிய மின்வேலி போடுங்கள்' என்கிறார்கள். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத வேலி ஒரு மழைக்காலம் தாங்காது.

பன்றியின் தடித்த மயிரில் மின்சாரம் சரியாக ஏறாது. ஈரமான மூக்கு கம்பியில் பட்டால்தான் அடி விழும். அதனால் முதல் கம்பி தரையில் இருந்து 20 செ.மீ. உயரத்திலும், அடுத்தது 45 செ.மீ. உயரத்திலும் ஓட வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் புல் எழும்பும் உயரமும் அதுதான். கம்பியைத் தொடும் புல் வழியாக மின்சாரம் மண்ணில் இறங்கி, அளவு 4,000 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால், பன்றி தாராளமாக நுழையும். கோடையில் சிக்கல் வேறு. காய்ந்த செம்மண்ணில் எர்த் பிடிக்காது. எர்த்துக்கான ஆறடிக் கம்பி மூன்றைப் பத்தடி இடைவிட்டு அடித்து, அடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைப் பொறுக்காமல் சிலர் வீட்டுக் கரண்டையே கம்பியில் கொடுத்துவிடுகிறார்கள். முறையான மின்வேலிக் கருவி நொடிக்கு ஒருமுறை மட்டும், மிகக் குறுகிய நேரத்துக்கு அடிக்கும். தொட்டவர் கையை எடுத்துவிடலாம். 230 வோல்ட் இடைவிடாமல் பாய்ந்தால் தசை இறுகிப் பிடி விடாது. விடியுமுன் நெற்றியில் லைட் கட்டி ரப்பர் பால் வெட்டப் போகிறவர்தான் அதில் மாட்டுவார்.

வேலியைவிடப் பெரிய ஓட்டை காலிமனைதான். வாங்கியவர் வெளிநாட்டில் இருப்பார். மனையில் ஆள் உயரப் புதர் மண்டும். பகலில் பன்றி படுப்பது அங்கேதான், காட்டுக்குத் திரும்ப வேண்டிய தேவையே அதற்கு இல்லை. ராத்திரி சாலையோரம் கொட்டும் கோழிக்கழிவும் ஹோட்டல் மிச்சமும் அதற்குச் சாப்பாடு. அப்புறம் மறுநடவு விளையில் ஊடுபயிராக நிற்கும் மரச்சீனி (மரவள்ளி), வாழை, அன்னாசி.

2025-இல் அரசு அறிவித்தபடி, காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் வனத்துறை பன்றியைச் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 1 கிலோமீட்டருக்குள்ளே அதுவும் இல்லை. கோழிக்கழிவு இங்கே கிடக்கும்வரை, பிடித்து விட்ட பன்றி திரும்பி வராமல் என்ன செய்யும்?

ஆகவே, மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும்போதே, ஆண்டுக்கு இருமுறை, ஆடியிலும் மார்கழியிலும், புதர் வெட்டும் பொறுப்பை உரிமையாளர் மேல் எழுத்தில் வைக்க வேண்டும். வெட்டாவிட்டால் பேரூராட்சியே வெட்டி, செலவைச் சொத்து வரியோடு வசூலிக்கட்டும். இறைச்சிக்கடைக் கழிவைக் கடை மூடும் நேரத்திலேயே வண்டி வந்து எடுக்க வேண்டும். மறுநாள் காலை வரும் வண்டியால் பயனில்லை.

இப்படிக்கு,
ரப்பர் விவசாயிகள் சிலர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.