தனியாக முடித்துவிடாதே

அன்புள்ள பாப்பா,

போனில் நீ சொன்னதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிச் சுவரில் பிள்ளைகளை வைத்து வரைவது பெரிய தலைவலி, நான் ஒன்று சொன்னால் அவர்கள் ஒன்று செய்கிறார்கள், பேசாமல் நானே முடித்துவிடட்டுமா என்று கேட்டாய். வேண்டாம்மா.

இங்கே லாஸ் ஏஞ்சலிஸில் அக்கா வீட்டுப் பக்கம் துஹங்கா வாஷ் என்று ஒரு வெள்ள வாய்க்கால் ஓடுகிறது. முழுக்க சிமென்ட். அதன் சுவரில் அரை மைல் நீளத்துக்கு, 13 அடி உயரத்தில், கலிஃபோர்னியாவின் கதையை வரைந்திருக்கிறார்கள். முன்னால் நின்று வரையவைத்தவர் ஜூடி பாக்கா. 1946-ல் இதே ஊரில் பிறந்த மெக்சிக அமெரிக்கப் பெண். மழை வந்தால் வாய்க்காலில் வெள்ளம் வந்துவிடும் என்பதால் கோடையில்தான் வேலை. 1976-ல் தொடங்கி ஐந்து கோடைகள், 400-க்கும் மேற்பட்ட இளம்பிள்ளைகள். அவர்களில் பலர் போலீஸ், கோர்ட் என்று அலைந்தவர்கள்.

வேலியைப் பிடித்துக்கொண்டு நான் வெகுநேரம் பார்த்தது ஐம்பதுகளின் பகுதியை. நெடுஞ்சாலைகள் வளைந்து நெளிந்து ஒரு குடும்பத்துக்கு நடுவே புகுந்து ஆளுக்கொரு பக்கமாகப் பிரிக்கின்றன. மேலே டாட்ஜர் விளையாட்டரங்கம் பறக்கும் தட்டுபோல வந்து இறங்குகிறது. சாவேஸ் ரவீன் என்ற மெக்சிகர் குடியிருப்பைக் காலி செய்த இடத்தில் கட்டிய அரங்கம் அது. முப்பதுகளில் மெக்சிகர்களை ரயிலேற்றி அனுப்பியதும், போர்க்காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாமில் அடைத்ததும் இதே சுவரில் உண்டு. பாடப்புத்தகம் தாண்டிப்போன கதைகள். வரலாற்று ஆசிரியர்களிடமும், அதையெல்லாம் அனுபவித்த மனிதர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகுதான் தூரிகை எடுத்தார்கள். அந்தக் கேட்கிற வேலையை நீ இன்னும் தொடங்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

அதற்காக ஜூடி எல்லாவற்றையும் பிள்ளைகள் இஷ்டத்துக்கு விட்டுவிடவில்லை. மொத்த அமைப்பு அவர் பொறுப்பு. 1977-ல் மெக்சிகோவுக்கே போய், அந்நாட்டின் பெரிய சுவரோவியர் சிக்கெய்ரோஸின் பட்டறையில் சுவரோவியம் பயின்று வந்தவர். நீயும் படத்தின் மொத்த அமைப்பை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எந்தக் கதை, யார் முகம் என்பதை மட்டும் அவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்.

இன்னொன்று. 1970-ல், இதே ஊரின் பாயில் ஹைட்ஸ் பகுதியில் ஜூடி, ஒன்றுக்கொன்று ஆகாத கோஷ்டிப் பையன்களைச் சேர்த்து, ஒரு பூங்கா மேடையில் 'மி அபுவெலிட்டா', அதாவது 'என் பாட்டி' என்று ஒரு படம் போட்டார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நிற்கிற பாட்டி. எதிர்க்கோஷ்டி வருகிறதா என்று பார்க்கக் காவலுக்கு ஆள் நிறுத்தி வரைந்திருக்கிறார்கள்! முடிந்த பிறகு ஊர்க்காரர்கள் அங்கே மெழுகுவத்தி ஏற்றினார்கள், பன்னிரண்டு வருஷம் அதன்மேல் யாரும் கிறுக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். உனக்கு அடங்காத பையன்கள் இருக்கிறார்களே, அவர்களிடம் அவரவர் பாட்டியைப் பற்றிக் கேட்டுப் பாரேன். பாட்டிமார்களையே பள்ளிக்கு வரச்சொன்னால் இன்னும் நல்லது.

சரி, வெயிலில் சாப்பிடாமல் நிற்காதே. அவர்கள் மாற்றிப்போட்ட கோடுகளை அழிக்குமுன் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், அப்போது விவரமாகப் பேசலாம்.

அன்புடன்,
அம்மா