கடை நேரத்தைக் குறைச்சா கூட்டம் குறையாது சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில ஒரு சின்ன மளிகைக்கடை வெச்சிருக்கேன். சொந்த ஊரு உடன்குடி பக்கம், சென்னைக்கு வந்து ரொம்ப வருஷம் ஆச்சு. உங்க பேப்பரை தினமும் கடைக்கு வாங்குறேன், கஸ்டமர் எல்லாரும் நின்னு படிச்சுட்டுதான் போவாங்க, இப்போ அப்படி நிக்கவும் முடியாது படிக்கவும் முடியாது. பேப்பருக்கு லெட்டர் எழுதுறது எனக்கு இதுதான் முதல் தடவை, சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம்தான், கடை நேரம். அதைக் குறைக்காதீங்க, கூட்டித் தாங்க.

கொரோனாவுக்காக இந்த 2020 ஜூன் 19-ல இருந்து சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நாலு மாவட்டத்துக்கும் திரும்ப முழு ஊரடங்கு போட்டாங்க, மளிகை காய்கறி எல்லாம் காலையில 6 மணியில இருந்து மத்தியானம் 2 மணி வரைக்கும்தான், வண்டி எடுக்கக் கூடாது, வீட்டுல இருந்து 2 கிலோமீட்டருக்குள்ள நடந்து போயி வாங்கணும், ஞாயித்துக்கிழமை மொத்தமா மூடணும். அது 30-ம் தேதியோட முடியும்னு பாத்தா இப்போ ஜூலை 5 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. மதுரையிலயும் அதே மாதிரிதான். நான் ஊரடங்கே வேணாம்னு சொல்ற ஆளு இல்ல சார். சென்னையில மட்டும் கேஸு 50 ஆயிரத்தைத் தாண்டிருச்சு, ராயபுரம் மண்டலம்தான் லிஸ்ட்ல எப்பவும் மேல நிக்குது, எங்க தெரு ரெண்டு பக்கமும் தகரம் அடிச்சு அடைச்சிருக்காங்க, தெரிஞ்ச முகம் ரெண்டு மூணு பேரை இழந்துட்டோம், அதுல ஒருத்தரு சாயங்காலமானா என் கடை வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து பேசிட்டு இருந்தவரு. நோயோட பயம் எங்களுக்கு நல்லாவே தெரியும். அதனாலதான் சொல்றேன், 2 மணிக்கு மூடுற இந்த ரூலு நோயைத் தடுக்கல, கூட்டத்தை ஒரே இடத்துல சேத்து வெக்குது.

கல்லாவுல உக்காந்து பாத்தாதான் இது தெரியும். காலையில 6 மணிக்கு ஷட்டரைத் தூக்குறேன், 8 மணி வரைக்கும் பால், காபித்தூள், பிஸ்கட்டுன்னு ஒண்ணு ரெண்டு பேரு வருவாங்க. 10 மணிக்கு மேல ஏறும். 12 மணிக்கு மேல தலையைத் தூக்க முடியாது. வாசல்ல பெயிண்ட்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேன், கயிறும் கட்டியிருக்கேன், காலையில எல்லாரும் அழகா வட்டத்துக்குள்ளதான் நிப்பாங்க, ஆனா ஒண்ணேகால் மணிக்கு ஜீப்புல மைக் போட்டுட்டு வந்து 2 மணிக்கு எல்லா கடையும் மூடணும்னு சொல்லிட்டுப் போனதும் வட்டமாவது கயிறாவது, எல்லாக் கையும் ஒரே நேரத்துல தராசுக்கு மேல நீளும், அண்ணாச்சி எனக்கு அண்ணாச்சி எனக்குன்னு கத்துவாங்க, மாஸ்க்கை இறக்கி விட்டாதான் சத்தம் கேக்கும்னு இறக்கியும் விடுவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா, வீட்டுல உலை வெச்சுட்டு வந்திருப்பாங்க.

இன்னொண்ணும் இருக்கு. எங்க ஏரியாவுல மாசத்துக்கு ஒரு தடவை லிஸ்ட் போட்டு வாங்குற வீடு கொஞ்சம்தான். மிச்சம் எல்லாரும் அன்னன்னைக்கு வாங்குறவங்க. 100 கிராம் துவரம் பருப்பு, 20 ரூபாய்க்கு எண்ணெய், 5 ரூபாய் சாம்பார் பொடி பாக்கெட்டு, ரெண்டு முட்டை, கொஞ்சம் பூண்டு, இதுதான் ஒரு வீட்டு லிஸ்டு. கஞ்சத்தனம் இல்ல சார், அன்னைக்கு வந்த காசு அவ்வளவுதான். மூட்டை தூக்குறவங்க, மீன் விக்கிறவங்க, வீட்டு வேலைக்குப் போறவங்க, ஆட்டோ ஓட்டுறவங்க, இவங்களுக்கு பாதிப் பேருக்கு இப்போ வேலையே இல்ல, மிச்சப் பேருக்கு கிடைக்கிற கூலி சாயங்காலம்தான் கைக்கு வரும். அப்போ கடை மூடியிருக்கு. ராத்திரி கைல காசு இருந்தும் சாமான் வாங்க முடியாம, மறுநாள் காலையில வேலைக்கும் போகணும் கடைக்கும் வரணும்னு திண்டாடுறாங்க. ஒரு வாரத்துக்கு மொத்தமா வாங்கி வெச்சுக்கோங்கன்னு டிவியில சொல்றாங்க, ஃபிரிட்ஜும் இல்ல, முன்கூட்டி கைல காசும் இல்ல, பத்துக்குப் பத்து ரூமுல நாலு பேரு படுக்கவே இடம் பத்தாத வீட்டுல அரிசிச் சிப்பத்தை எங்க வெப்பாங்க.

இதுல எனக்கு மனசு ஆறாத விஷயம் ஆஸ்பத்திரி வேலைக்காரங்களும் தூய்மைப் பணியாளருங்களும்தான். எங்க பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில வார்டு வேலை பாக்குறவங்க நிறையப் பேரு குடியிருக்காங்க. காலை டியூட்டி முடிச்சு, கை கால் கழுவி, அந்த டிரெஸ்ஸை மாத்தி, நடந்து வந்து சேர்றதுக்குள்ள 2 மணி தாண்டிரும். தெருவைக் கூட்டிட்டு வர்ற அக்காங்களும் அப்படித்தான். ஊரே இவங்களுக்காக கை தட்டுச்சே, மார்ச் 22-ம் தேதி எங்க தெருவுலயும் மாடியில நின்னு தட்டினோம், ஆனா அவங்க வேலை முடிச்சு வர்றப்போ அரைக் கிலோ ரவை வாங்க ஒரு கடை திறந்து இல்ல. ஒரு அக்கா போன வாரம் வந்து பாதி இறக்கின ஷட்டருக்குக் கீழ குனிஞ்சு அண்ணாச்சி ஒரு பாக்கெட்டு சேமியா மட்டும்னு கேட்டாங்க, காலையில இருந்து கவசத்தைப் போட்டு வேர்த்து முகமெல்லாம் தடம் விழுந்திருக்கு, நான் குடுக்க கை நீட்டுறதுக்குள்ள தெருமுனையில விசில் சத்தம். அவங்க பயந்து ஒதுங்கிட்டாங்க. அப்புறம் பையன்கிட்ட குடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

விசில் சத்தத்துக்கு ஏன் பயப்படணும்னு ஒரு மாசம் முன்னாடி யாராவது கேட்டிருந்தா நானும் அதானேன்னு சொல்லியிருப்பேன். இப்போ அப்படிச் சொல்ல வாய் வரல. சாத்தான்குளம் எங்க ஊருப் பக்கம்தான், சின்ன வயசுல அந்த வழியா பஸ்ஸுல எத்தனையோ தடவை போயிருக்கேன். ஊரடங்கு நேரம் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வெச்சிருந்தாங்கன்னு ஜெயராஜையும் அவரு மகன் பென்னிக்ஸையும் 19-ம் தேதி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, கோவில்பட்டி ஜெயில்ல வெச்சாங்க, 22-ம் தேதி ராத்திரி மகன் போயிட்டான், 23-ம் தேதி அப்பாவும் போயிட்டாரு. ஹைகோர்ட் மதுரைக் கிளை தானாவே எடுத்து விசாரிக்குது, சிபிஐக்கு மாத்துறோம்னு முதலமைச்சர் சொல்லியிருக்காரு, நியாயம் கிடைக்கணும், அதை கோர்ட் பாத்துக்கும். ஆனா ஒரு கடைக்காரனா எனக்குத் தோணுறது என்னன்னா, கடை மூடுற நேரம்னு ஒரு சின்ன விஷயம் போலீஸுக்கும் வியாபாரிக்கும் நடுவுல தினமும் ஒரு சண்டையா ஆகிப் போச்சு. எங்க ஏரியா போலீஸ்காரங்க நல்லவங்கதான், வெயில்ல நிக்கிறாங்க, அவங்கள்லயும் நிறையப் பேருக்கு நோய் வந்திருக்கு, தண்ணி பாட்டில் குடுத்தா வாங்கிக் குடிச்சுட்டு நன்றின்னு சொல்லிட்டுப் போறாங்க. இருந்தாலும் மணி ஒண்ணே முக்கால் ஆனா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. வெளிய பத்துப் பேரு நிக்கிறாங்க, பாதிப் பேரை திருப்பி அனுப்பணும், யாரை அனுப்புறது. என் வீட்டுக்காரி ரெண்டு தடவை போன் பண்ணிடுவா, மூடிட்டீங்களா மூடிட்டீங்களான்னு.

சரக்கு எடுக்குற கஷ்டம் தனி. மொத்தக்கடை பாரிமுனைப் பக்கம், அவங்களும் மத்தியானம் மூடிடுறாங்க. நான் கடையில உக்காந்தா சரக்கு எடுக்க ஆளு இல்ல, சரக்கு எடுக்கப் போனா கடையைப் பாக்க ஆளு இல்ல, வேலைக்கு இருந்த ரெண்டு பசங்களும் மார்ச்சுலயே ஊருக்குப் போனவங்க இ-பாஸ் கிடைக்காம அங்கயே நிக்கிறாங்க. லைன் வண்டியும் முன்ன மாதிரி வர்றதில்ல, தகரம் அடிச்ச தெருன்னா திரும்பிப் போயிடுறாங்க. என்கிட்ட உளுந்து தீந்துபோனா கஸ்டமர் அடுத்த கடைக்குப் போறாங்க, அங்கயும் வரிசையில நிக்கிறாங்க, ஒரு கடையில முடிய வேண்டிய வேலை மூணு கடையா ஆகுது. வீட்டை விட்டு வெளிய சுத்துற நேரம் கூடுதா குறையுதான்னு அதிகாரிங்களே சொல்லட்டும்.

கடை 7 மணி வரைக்கும் இருந்தப்போதான கேஸு ஏறுச்சுன்னு சிலர் கேப்பாங்க. நியாயமான கேள்விதான். மார்ச் கடைசியில ரெண்டரை மணி வரைக்கும்னு இருந்துச்சு, ஏப்ரல் 5-ல இருந்து 1 மணி ஆச்சு, மே மாசம் 5 மணி, அப்புறம் 7 மணி, இப்போ 2 மணி. மே மாசம் கடை மட்டுமா திறந்துச்சு, ஆபீஸு, வண்டி, கம்பெனின்னு ஒவ்வொண்ணா எல்லாமே திறந்தாங்க. அதோட விதை விழுந்தது அதுக்கு முன்னாடி. ஏப்ரல் 24-ம் தேதி வெள்ளிக்கிழமை, ஞாயித்துக்கிழமையில இருந்து நாலு நாளைக்கு சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல மளிகைக்கடை கூட கிடையாதுன்னு அறிவிச்சாங்க, நடுவுல இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அன்னைக்கு ஊரே தெருவுல நின்னுச்சு, கோயம்பேடு மார்க்கெட் போட்டோவைப் பாத்த யாருக்கும் மறக்காது, கூட்டம் தாங்காம அன்னைக்கு ஒரு நாள் மட்டும் 3 மணி வரைக்கும் கடையைத் திறந்துக்கச் சொல்லி அரசாங்கமே நேரத்தை நீட்டிச்சுச்சு. அடுத்த வாரத்துல கோயம்பேடுல இருந்து கேஸு கேஸா வந்துச்சு, அரியலூர், கடலூர், விழுப்புரம் வரைக்கும் பரவுச்சு, மே 5-ம் தேதி மார்க்கெட்டையே மூடி, காய்கறியைத் திருமழிசைக்கு மாத்தினாங்க. கோயம்பேடுல அந்த ஒரு நாளாலதான் எல்லாம் வந்துச்சுன்னு நான் சொல்லல, ஆனா நெருக்கடி குடுத்தா ஜனங்க நெருக்கிக்கிட்டுதான் நிப்பாங்கன்னு அன்னைக்கே பாத்தோம். அதையே இப்போ ஒவ்வொரு சனிக்கிழமையும் சின்னச் சின்னதா எல்லாத் தெருவுலயும் பாக்குறோம். போன சனிக்கிழமை 27-ம் தேதி என் கடை வாசலைப் பாத்திருந்தா பொங்கலுக்கு முந்தின நாளுன்னு நினைச்சிருப்பீங்க.

ஜூலை மாசமும் எல்லா ஞாயித்துக்கிழமையும் முழு ஊரடங்குன்னு சொல்லிட்டாங்க. சரி, அது ஜனங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு, அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. கார்டுக்கு 1000 ரூபாய் குடுத்தது நல்ல விஷயம், அம்மா உணவகத்துல இலவசமா சாப்பாடு போடுறது அதை விட நல்ல விஷயம், அது இல்லைன்னா எங்க பக்கம் எத்தனையோ வீடு பட்டினிதான். கார்ப்பரேஷன் தன்னார்வலர் பசங்க தகரம் அடிச்ச வீட்டுக்கெல்லாம் என்கிட்ட லிஸ்ட் வாங்கிட்டுப் போயி சாமான் கொண்டு சேக்குறாங்க, எல்லாம் காலேஜ் படிக்கிற வயசு, அவங்களுக்கு கையெடுத்துக் கும்பிடணும். அரசாங்கம் ஒண்ணுமே செய்யலன்னு நான் எழுத வரல.

நான் கேக்குறது இதுதான். 5-ம் தேதிக்கு அப்புறம் மளிகைக்கடையை மட்டுமாவது சாயங்காலம் 6 மணி வரைக்கும் விடுங்க. எட்டு மணி நேரத்துல வர்ற அதே ஜனங்கதான் பன்னெண்டு மணி நேரத்துலயும் வரப் போறாங்க, புதுசா யாரும் முளைக்கப் போறதில்ல, வெயில் தாழ பாதிப் பேரு வருவாங்க, வட்டமும் கயிறும் அப்போ வேலை செய்யும். முடியவே முடியாதுன்னா மத்தியானம் மூடிட்டு 4 மணியில இருந்து 6 மணி வரைக்கும் ஆஸ்பத்திரி, மாநகராட்சி ஐடி கார்டு வெச்சிருக்கவங்களுக்கு மட்டுமாவது குடுக்க அனுமதி தாங்க, நாங்க வார்டுக்கு ரெண்டு கடைன்னு முறை வெச்சுக்கிட்டு திறக்குறோம், எங்க ஏரியா கடைக்காரங்ககிட்ட பேசிட்டுதான் எழுதுறேன். சரக்கு எடுக்கப் போற வண்டிக்கு ஒரு பாஸ் குடுங்க. மாஸ்க் இல்லாம யாருக்காவது சாமான் குடுத்தா, கூட்டம் சேத்தா, தாராளமா ஃபைன் போடுங்க, சீல் வைங்க, ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டோம்.

எந்த முடிவா இருந்தாலும் 4-ம் தேதி ராத்திரி டிவியில சொல்லாம 2-ம் தேதியே சொல்லிடுங்க. 3-ம் தேதி வெள்ளிக்கிழமை நான் பாரிமுனைக்குப் போயி சரக்கு இறக்கிடுவேன், 5-ம் தேதி ஞாயித்துக்கிழமை மூடல், அதுக்கு முந்தின சனிக்கிழமை வர்றவங்களை கலைச்சுக் கலைச்சு வரச் சொல்ல எனக்கும் நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக்கடைக்காரர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21.
30.06.2020