கர்ப்பிணியின் தைராய்டு ரிப்போர்ட்டில் பொருந்தாத நார்மல் ரேஞ்ச்: புகார்

அனுப்புநர்:
தங்கள் கிளையின் வாடிக்கையாளர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
பொது மேலாளர்,
ரத்தப் பரிசோதனை நிலையத் தலைமை அலுவலகம்.

ஐயா,

உங்கள் மன்னார்குடி கிளையில் என் மகளுக்கு ரத்தம் கொடுத்தோம். தலைப்பிரசவம், அப்போது பத்தாவது வாரம். ரத்தம் எடுத்த பெண் அதைக் கேட்டுக்கொண்டு படிவத்தில் ‘ஏ.என்.சி.’ (கர்ப்பகாலப் பராமரிப்பு) என்று எழுதினார். ரசீதிலும் அது அச்சாகியிருக்கிறது. ஆக, அவள் கர்ப்பிணி என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை.

ராத்திரி வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 0.22, எதிரே 0.4 முதல் 4.5 வரை என்ற ரேஞ்ச், கீழ்நோக்கி ஒரு சிவப்பு அம்பு. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4-இன் மொத்த அளவு (மொத்த டி4) 12.8, எல்லை 12 என்று போட்டு மேல்நோக்கி இன்னொரு அம்பு. அடியில் தடித்த எழுத்தில், தைராய்டு அதிகமாகச் சுரப்பதாக ஒரு வரி. மசக்கையில் ஏற்கெனவே சோர்ந்து கிடந்தவள் அதைப் படித்துவிட்டு அழ ஆரம்பித்தாள். மருமகன் துபாயிலிருந்து விடிய விடிய போன் செய்துகொண்டிருந்தார். ஏற்கெனவே தைராய்டு இருந்த உறவுக்காரர் ஒருவர் தனக்குக் கொடுத்த மாத்திரையின் பெயரையே அனுப்பிவைத்தார்.

மறுநாள் மகப்பேறு மருத்துவர் நாடியையும் கழுத்தையும் பார்த்தார். ஃப்ரீ டி4, அதாவது புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் இருக்கும் டி4, தனியாக எடுக்கச் சொன்னார். அது சரியாகவே இருந்தது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் உடம்பில் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஏறும்; அது டி.எஸ்.எச். போலவே தைராய்டைத் தூண்டும், அதனால் டி.எஸ்.எச். இறங்குவது இயல்பு என்றார். டி4-ஐச் சுமக்கும் புரதமும் கூடுவதால் மொத்த டி4 ஏறித்தான் காட்டுமாம். அப்புறம் நானும் படித்துப் பார்த்தேன். கர்ப்பிணிகளுக்கென்று தனி ரேஞ்ச் வைத்திராத இடங்களில், 7 முதல் 12 வாரம் வரை டி.எஸ்.எச்.-இன் கீழ் எல்லையை ஏறக்குறைய 0.4-உம் மேல் எல்லையை 0.5-உம் குறைத்துப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல். மொத்த டி4-க்கு ஏழாவது வாரத்துக்குப் பிறகு வாரத்துக்கு 5 சதவீதம் எல்லையை உயர்த்த வேண்டும். அந்தக் கணக்கில் என் மகளின் இரண்டு அளவுமே எல்லைக்குள்தான் வருகின்றன.

இது வெறும் பயத்தோடு போகிற காரியமில்லை. தைராய்டைக் குறைக்கும் சில மாத்திரைகளை இந்த வாரங்களில் தேவையில்லாமல் சாப்பிட்டால் குழந்தைக்கு ஊனம் வரக்கூடும். மறுபக்கமும் இருக்கிறது: அதே கணக்கில் இந்த வாரங்களில் மேல் எல்லை 4.0; ஆனால் டி.எஸ்.எச். 4.3 உள்ள கர்ப்பிணிக்கு உங்கள் ரிப்போர்ட் அம்பே போடாது. அவளை மருத்துவர் கவனிக்க வேண்டியிருக்கும், ஆனால் அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவாள். நீடாமங்கலம், கோட்டூர், முத்துப்பேட்டைப் பக்கத்து ஊர்களிலிருந்து உங்களிடம் வருகிறவர்களில் பலர் ரிப்போர்ட்டை மருந்துக்கடையில்தான் முதலில் நீட்டுகிறார்கள். அவர்கள் பார்ப்பது அந்த அம்பை மட்டும்தான்.

கிளையில் கேட்டதற்கு, “கம்ப்யூட்டர் தானா போடுதும்மா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்கள். வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் கேட்கத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு வாரத்தையும் கேட்கச் சொல்லித் தர உங்களால் முடியும். படிவத்தில் எழுதியது ரிப்போர்ட் வரை போய்ச் சேராவிட்டால் அதைக் கேட்டு எழுதுவதே வீண்.

என் மகளின் ரிப்போர்ட்டை, கர்ப்ப வாரத்துக்கு ஏற்ற ரேஞ்சோடு, உங்கள் மருத்துவரின் கையொப்பத்துடன் திருத்தி அனுப்புங்கள். தானாக நோயைச் சொல்லும் அந்த வரியை கர்ப்பிணிகளின் ரிப்போர்ட்டிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். ஏ.என்.சி. என்று பதிவான மற்றப் பெண்களுக்கும் இதே ரேஞ்சில் ரிப்போர்ட் போயிருக்கும். அவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதும் உங்கள் பொறுப்பு. 15 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
கர்ப்பிணியின் தாய்

இணைப்பு: ரசீது, ரிப்போர்ட் நகல்கள்