பிளாஸ்டிக் பாட்டில் மயிலுக்குப் பரிசு கொடுத்த நடுவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் கண்காட்சி நடுவர்களுக்கும் வணக்கம்.

போன வருஷம் 'கழிவிலிருந்து கலை' போட்டியில் என் மகளின் மயிலுக்கு இரண்டாம் பரிசு கொடுத்தீர்கள். சந்தோஷம். ஆனால் அந்த மயில் பிறந்த கதை உங்களுக்குத் தெரியாது. போட்டிக்கு முந்தின நாள் ராத்திரிதான் விஷயமே எங்கள் காதுக்கு வந்தது. வீட்டில் காலி பாட்டில் ஒன்றுகூட இல்லை. மாசாமாசம் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கடைக்கு ஓடி ரெண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் மூன்று வாங்கினேன். குடித்தது ஒன்று, மீதி சிங்க்கில் போனது. அப்புறம் பசை, ஜிகினா, ஸ்ப்ரே பெயின்ட், மயில் நிற்கத் தெர்மாகோல். விடியும்போது கூடம் முழுக்கக் குப்பை.

ஆறு மாசம் டிவி பக்கத்தில் நின்று தூசி சேர்த்தது. தோகை உதிர ஆரம்பித்ததும் பேப்பர்காரரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாட்டிலா இருந்தா எடுத்திருப்பேன் சார், இது வேணாம்" என்று என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்குமே, அது பெட் பிளாஸ்டிக். நிறமில்லாத பெட்டுக்குக் காயலான் கடையில் நல்ல மவுசு. அதைக் கழுவி, நறுக்கி, உருக்கி, பாலியெஸ்டர் இழையாக இழுக்கிறார்கள். துணியாகிறது, தலையணைப் பஞ்சாகிறது. பெயின்டும் பசையும் ஜிகினாவும் ஏறிய பாட்டிலை யார் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? விலைபோகிற சரக்கை ஒரு ராத்திரி கண்விழித்துக் குப்பையாக்கியிருக்கிறோம். போதாக்குறைக்கு, அலங்காரத்துக்கான தெர்மாகோலை 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசு தடை செய்திருக்கிறது. உங்கள் பரிசு மேஜையில் மயில் நின்றது அதன் மேல்தான்!

போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. காயலான் கடைக்காரர் சீந்தாததைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் தெரு மளிகைக் கடை வாசலில், அட்டைப்பெட்டிகளைக் கட்டிவந்த பிளாஸ்டிக் பட்டைகள் சுருள் சுருளாகக் கிடக்கும். என் அம்மா வயர் கூடை போட்டுப் பழகியவர். பட்டை வயரைவிட விறைப்பு, சிவன்கண் முடிச்சுக்கெல்லாம் வளையாது. பாய் முடைகிற மாதிரி ஒன்று விட்டு ஒன்று கோத்து, நாலு மூலையையும் தூக்கி மடித்தால் போதும். ஓரம் கையைக் கிழிக்கும். நுனியை மடித்து உள்பக்கம் சொருக வேண்டும். பாட்டி காட்டிக் கொடுக்க, மகள் ஒரு வாரத்தில் ஒரு கூடை முடித்துவிட்டாள். பெயின்ட் எதற்கு? மஞ்சளும் நீலமும் பட்டையிலேயே இருக்கிறது.

மதிப்பெண் போடும்போது "இதுக்குப் புதுசா என்ன வாங்கினே?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் பொய் சொல்ல மாட்டார்கள், நாங்கள்தான் சொல்வோம். அப்புறம், பத்து நாளாவது முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் போட்டால் நாங்கள் கடைக்குத்தான் ஓடுவோம்.

இந்த வருஷம் அந்தக் கூடையைத்தான் கொண்டுவருகிறாள். பளபளப்பு கம்மி. கையில் தூக்கிப் பாருங்கள், உள்ளே ரெண்டு கிலோ வெங்காயம் இருக்கும்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா